துருக்கியத் தொன்மத்தின் தெய்வங்களையும் பேய்களையும் குறிப்பெடுப்பது எப்படி

துருக்கியத் தொன்மம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு வம்சாவளிப் படம். உச்சியில் கைரா கான். அவருக்குக் கீழே உல்கென், கிஸகான், மெர்கென். பாதாளத்தில் எர்லிக். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போர்த் தெய்வம், அறிவுத் தெய்வம் என்று ஒரு துறை ஒதுக்கியிருப்பார்கள். இந்தப் படம் முழுப் பொய் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் ராத்லோஃப் அல்தாய் மலைப் பகுதியில் கேட்டு எழுதிய விவரத்தில் பதினேழாம் வானடுக்கில் கைரா கானும், பதினாறில் உல்கெனும், ஒன்பதில் கிஸகானும், ஏழில் மெர்கெனும் இருக்கிறார்கள். கோளாறு அதற்குப் பிறகு நடந்தது. ஒரு மலைப் பகுதியில், ஒரு காலத்தில் சொல்லப்பட்டதை எடுத்து இஸ்தான்புல் முதல் சைபீரியாவின் லேனா ஆற்றங்கரை வரை, ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே பரவிக் கிடக்கும் துருக்கிய மொழி பேசும் எல்லா மக்களுக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டார்கள்.

கதை எழுதுபவரோ, விளையாட்டு வடிவமைப்பவரோ, கட்டுரைக்குத் தகவல் சேர்ப்பவரோ, யாராக இருந்தாலும் இதற்கு மாற்று ஒன்றுதான்: ஒரு பெயருக்கு ஓர் அட்டை போடுவது. அட்டையில் ஏழு வரி இருந்தால் போதும்.

1. எந்த மக்கள், எந்தப் பகுதி
2. எந்தப் பதிவு, எந்த ஆண்டு, என்ன வகை (கல்வெட்டு, அகராதி, பூசைப் பாட்டு, கதை)
3. வானத் தெய்வமா, இடத்துக்கு உடையவரா, கேடு செய்வதா, அரக்கனா, மூதாதையா
4. என்ன செய்யும், யாருக்கு, எப்போது
5. மக்கள் அதனிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்: படையல், விலக்கு, காப்பு
6. பக்கத்து மக்களிடம் அதற்கு உறவு உண்டா
7. இன்றும் வழிபாட்டில் இருக்கிறதா

முதல் இரண்டு வரியையும் நிரப்ப முடியாத அட்டையை ஒதுக்கி வையுங்கள். "பழைய துருக்கியர்" என்று முதல் வரியை நிரப்புவது நிரப்பாததற்குச் சமம். தோற்றத்துக்கென்று தனி வரி கொடுக்காதது வேண்டுமென்றேதான். கொடுத்தால் கை தானாக ஒரு கொம்பையோ கிரீடத்தையோ வரைந்துவிடும். பல ஆவிகளுக்குப் பதிவில் உருவமே கிடையாது.

பதிவுகளைக் காலப்படி அடுக்குவது

இரண்டாம் வரிதான் உழைப்புக் கேட்கும் வரி. பதிவுகளை ஐந்து அடுக்காகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம்.

முதலாவது மங்கோலியாவில் நிற்கும் 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள். ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் நட்ட குல் தெகின் கல், 735இல் நட்ட பில்கே ககான் கல், உலான்பாதருக்கு அருகே உள்ள தொன்யுகுக் கல். இந்த எழுத்தை 1893இல் படித்துக் காட்டியவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன். இவற்றில் வரும் தெய்வப் பெயர்கள் மிகச் சில: வானமான தெங்ரி, பெண் தெய்வமான உமாய், "புனித நிலம்-நீர்" என்னும் யெர்-சுப். அமைச்சர் தொன்யுகுக் தன் வெற்றியை இந்த மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதிவைக்கிறார். உல்கென் இங்கே இல்லை. ஆகவே 8ஆம் நூற்றாண்டில் நடக்கும் கதையில் ககான், அதாவது பேரரசர், உல்கெனை வேண்டினால், அது ஆயிரம் ஆண்டு தள்ளி எழுதப்பட்ட பதிவிலிருந்து இரவல் வாங்கியது என்று அர்த்தம்.

இரண்டாவது இர்க் பிதிக் என்ற குறி நூல். சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த சிறு ஏடு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நான்கு பக்கமுள்ள தாயக்கட்டையை மூன்று முறை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய குறியைப் படிக்க வேண்டும். மொத்தம் 65 குறிகள். இரண்டாவது குறியில் புள்ளிக் குதிரை ஏறிய வழித் தெய்வம் பேசுகிறது: காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்கிறது, எதிரில் வந்த மனிதக் குழந்தை பயப்பட, பயப்படாதே, பாக்கியம் தருகிறேன் என்கிறது. கடைசியில் "இது நல்லது" என்று முடிவு. தெய்வம் வாய் திறந்து பேசும் இவ்வளவு பழைய துருக்கிய வரிகள் வேறு அதிகம் இல்லை. அட்டைக்கு இது தங்கம்.

மூன்றாவது உய்குர் பௌத்த, மானிக்கேய நூல்கள். இந்தியத் தொன்மம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. யமனை எர்லிக் கான் என்றும், பிரம்மாவை எஸ்ருவா என்றும், இந்திரனை ஹொர்முஸ்தா என்றும் உய்குர் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதினார்கள். பின்னிரண்டும் ஈரானியப் பெயர்கள், மத்திய ஆசியாவின் ஈரானிய மொழி பேசிய சோக்தியர் வழியாக வந்தவை. இந்த நூல்களில் உள்ள எர்லிக் யமன்தான். ஆனால் அல்தாய்ப் பூசாரியின் பாட்டில் வரும் எர்லிக்கை யமன் என்று எழுதினால் பாதிதான் சரி. அங்கே அவர் கணக்குப் பார்க்கும் நீதிபதி இல்லை. நோயும் சாவும் அவரிடமிருந்து வருகின்றன, "தந்தை எர்லிக்" என்று கூப்பிட்டுப் படையலும் வைக்கிறார்கள்.

நான்காவது மஹ்மூத் அல்-காஷ்கரி 1070களில் பாக்தாதில் அரபு மொழியில் எழுதிய துருக்கிய அகராதி. 1266இல் எழுதிய ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சி, இஸ்தான்புல்லில் இருக்கிறது. அகராதிதானே என்று விட்டுவிடாதீர்கள். "சிவி" என்ற சொல்லுக்கு அவர் தரும் விளக்கத்தைப் பாருங்கள். இரண்டு கூட்டம் போருக்கு எதிரெதிரே நின்றால், முந்தைய இரவு இரு நாட்டு ஜின்களும் தமக்குள் சண்டை போடும். எந்த நாட்டு ஜின் ஜெயித்ததோ, மறுநாள் அந்த நாட்டுக்கே வெற்றி. அன்றிரவு வீரர்கள் ஜின்களின் அம்புக்குப் பயந்து கூடாரத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள். ஒரு சொல்லின் கீழே ஒரு முழுக் காட்சியே கிடக்கிறது.

ஐந்தாவது 19, 20ஆம் நூற்றாண்டுச் சேகரிப்புகள். அல்தாய்க்கு ராத்லோஃப், வெர்பித்ஸ்கி, அனோஹின். வடகிழக்குச் சைபீரியாவின் சகா மக்களுக்கு (யாகூத்தியர்) சியெரோஷெவ்ஸ்கி, பெகார்ஸ்கியின் பேரகராதி. கஸான் தாத்தார்களுக்கு கயூம் நசீரி. தகவல் கொட்டிக் கிடக்கும் அடுக்கு இதுதான், எச்சரிக்கையும் இதற்குத்தான் அதிகம். வெர்பித்ஸ்கி ஒரு கிறிஸ்தவ மிஷனரி. அல்தாய்ப் படைப்புக் கதையில் எர்லிக் நீருக்கடியில் முங்கி மண் எடுத்து வருகிறார், கொஞ்சத்தை வாயில் ஒளிக்கிறார், அது வீங்கி மூச்சு முட்ட, துப்பிய இடமெல்லாம் மேடும் சதுப்பும் ஆகிறது. இந்தக் கதையின் சில வடிவங்களில் சாத்தானின் சாயல் தூக்கலாகத் தெரிவதற்கு, அக்காலத்தில் அந்த மலைகளில் நடந்த மதப் பிரசாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓர் அட்டையை முழுதாக நிரப்பிப் பார்ப்பது: உமாய்

உமாய்க்கு ஒரே அட்டை போட்டால் தவறாகிவிடும். மூன்று போடுங்கள்.

முதல் அட்டை, 732: குல் தெகின் கல்லில் ககானின் தாயை "உமாய் போன்ற என் தாய்" என்று சொல்லும் வரி. உருவம் இல்லை, கதை இல்லை. அரசியை ஒப்பிடத் தக்க பெரிய பெண் தெய்வம் என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டாவது, 1070கள்: காஷ்கரி உமாய் என்பதற்குத் தரும் பொருள் நஞ்சுக்கொடி. கூடவே, உமாயை வழிபட்டால் பிள்ளை பிறக்கும் என்ற பழமொழியும். அரசவைக் கல்லிலிருந்து பிரசவ அறைக்கு வந்துவிட்டோம்.

மூன்றாவது, 19-20ஆம் நூற்றாண்டு, தென் சைபீரியாவும் கிர்கிஸ் நாடும்: குழந்தைகளைக் காக்கும் தாய். ஷோர் மக்கள் ஆண் குழந்தையின் தொட்டிலில் சின்ன வில்லும் அம்பும், பெண் குழந்தையின் தொட்டிலில் தக்கிளியும் தொங்கவிட்டார்கள். அவர்களிடமே குழந்தைக்குக் கேடு செய்யும் கரா உமாய், அதாவது கறுப்பு உமாய், என்ற பெயரும் உண்டு. காக்கும் பெயரும் கெடுக்கும் பெயரும் ஒன்றே என்பதை அழித்துத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பட்டியல் போடுபவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது இதைத்தான்.

மூன்றையும் ஒரே முகமாக ஒட்ட வேண்டியதில்லை. உங்கள் கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறதோ, அந்த அட்டையை எடுத்தால் போதும்.

மேலே நன்மை, கீழே தீமை என்று பிரிக்காதீர்கள்

மூன்றாம் வரியில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. சகா மக்களின் ஓலோன்ஹோ என்னும் நெடும்பாடல்களில் (2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றவை) ஐயி என்ற நல்லவர்களும் அபாசி என்ற கொடியவர்களும் உண்டு. அபாசி ஒற்றைக் கண், ஒற்றைக் கை, ஒற்றைக் கால் கொண்டு, இரும்போடு சேர்த்துப் பேசப்படும் உருவம். அபாசிகளில் ஒரு பகுதி பாதாளத்தில் அர்சான் துவோலாயின் கீழே இருக்கிறது. இன்னொரு பகுதி மேல் உலகத்திலேயே, உலூ தொயோனின் கீழே இருக்கிறது. ஆக, வானத்திலும் கொடியவர்கள் உண்டு. வான அடுக்குகளின் எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் மாறும், ஒரே ஊரில் பூசாரிக்குப் பூசாரியும் மாறும். எண்ணை எழுதும்போது யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தெங்ரிக்கு நரைத்த தாடியும் செங்கோலும் வைத்து வரைவதும் இதே வகைத் தவறு. கல்வெட்டுகளில் அது வானமும்தான், வானத்தின் சித்தமும்தான். துருக்கியர் வானத்தை மட்டுமல்ல, பெரிய மரம், மலை என்று கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த எதையும் தெங்ரி என்று அழைக்கிறார்கள் என்று காஷ்கரி குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் முஸ்லிம் அறிஞர், கண்டனமாகத்தான் எழுதினார். நமக்கு அதுவே நல்ல சாட்சி.

இடத்துக்கு உடையவர்கள்

எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டம் இவர்கள்தான், பட்டியல்களில் மிகச் சுருக்கமாக வருபவர்களும் இவர்களே. மலைக்கு, ஆற்றுக்கு, நெருப்புக்கு, வீட்டுக்கு, தொழுவத்துக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உடையவர். தாத்தார் மொழியில் இயா, அல்தாயிலும் துவாவிலும் எஸி, ககாஸில் ஏ, சகாவில் இச்சி. எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள். பெயர் அமைப்பும் எளிது: பொருளின் பெயர், அடுத்து உடையவர். எனவே "நீர் உடையவர்" என்பதை ஒரு தனித் தெய்வத்தின் பெயராக நினைத்து வாழ்க்கை வரலாறு எழுதாதீர்கள். ஒவ்வோர் ஏரிக்கும் ஒருவர் இருப்பார்.

இந்த வகைக்கு ஐந்தாம் வரிதான் உயிர். நெருப்பில் எச்சில் துப்பக் கூடாது, கத்தியால் குத்திக் கிளறக் கூடாது, சாப்பிடும் முன் முதல் துண்டு அதற்கு. இது அல்தாய், சகா இரண்டு இடத்திலும் உண்டு. சகா வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் போனதும் நெருப்புக்குக் கொடுத்துத்தான் வேட்டைக்குரிய பாயனாயை வேண்டுவார்கள். மலைக் கணவாயில் துணி நாடா கட்டுவார்கள். சகாவில் குதிரை மயிர்க் கயிற்றில் நாடாக்கள் தொங்கும். தென் சைபீரியாவில் வேட்டைக் குழுவோடு கதைசொல்லி ஒருவரும் போவார். இரவில் அவர் பாடுவது சக வேட்டைக்காரர்களுக்காக மட்டும் இல்லை, மலைக்கு உடையவருக்குக் கதை என்றால் உயிர். கதை பிடித்துப்போனால் விலங்குகளை விட்டுக்கொடுப்பார். கதைசொல்லி துப்பாக்கியைத் தொடாவிட்டாலும் வேட்டையில் அவருக்குப் பங்கு உண்டு. இப்படி ஒரு நடைமுறை கையில் இருந்தால் காட்சி தானாக எழுந்துவிடும். "மலை ஆவி சக்தி வாய்ந்தது" என்ற வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கால்நடைக்கு உடையவர்கள் தனிக் குழு. கசாக் மக்களிடம் குதிரைக்கு கம்பார் அதா, ஒட்டகத்துக்கு ஒய்சில் கரா, மாட்டுக்கு செங்கி பாபா, ஆட்டுக்கு ஷோபான் அதா. அதா, பாபா என்ற பின்னொட்டே இவர்களை மூதாதையாகவும் முஸ்லிம் பெரியவராகவும் சேர்த்துப் பார்த்ததைக் காட்டும். மூன்றாம் வரியில் இரண்டு வகையையும் குறியுங்கள்.

கேடு செய்பவை

அல்பஸ்தியில் தொடங்குங்கள். துருக்கியில் அல்கரிசி என்பார்கள். அனத்தோலியா தொட்டு சைபீரியா வரை இவளைத் தெரியாத ஊர் குறைவு. பிள்ளை பெற்றவளின் ஈரலையோ நுரையீரலையோ பிடுங்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடுவாள். அது தண்ணீரில் பட்டால் தாய் பிழைக்கமாட்டாள். ஆகவே எழுதும்போது நேரக் கெடு முக்கியம்: அவள் ஆற்றை அடையும் முன் தடுக்க வேண்டும். அனத்தோலியாவில் காப்பு நாற்பது நாள். சிவப்பு நாடா, இரும்பு, ஊசி. அவள் துணியில் ஊசி குத்திவிட்டால் அந்த வீட்டுக்கு வேலைக்காரியாக அடங்கிக் கிடப்பாள், ஊசியை யாராவது எடுக்கும் வரை. இரவில் குதிரையேறி அதன் பிடரியைப் பின்னிவைப்பாள். அவளைப் பிடிக்கக் குதிரை முதுகில் தார் பூசுவார்கள். கசாக், கிர்கிஸ் வழக்கில் மஞ்சள், கறுப்பு என்று இரண்டு வகை, கறுப்பு கொடியது. இவளை மோகினி என்றோ கொள்ளி வாய்ப் பிசாசு என்றோ தமிழாக்கினால் ஈரல், தண்ணீர், ஊசி மூன்றும் வாசகர் மனதிலிருந்து விழுந்துவிடும். பெயரை அப்படியே வையுங்கள். ஆர்மீனியர்களிடமும் ஜார்ஜியர்களிடமும் இவளுக்கு உறவுகள் உண்டு என்பது ஆறாம் வரிக்கு.

ஜெஸ்திர்னாக் கசாக் வேட்டைக்காரர்களின் பயம். இரவில் நெருப்பருகே ஓர் அழகி வந்து பேசாமல் உட்காருவாள். கைகள் நீண்ட சட்டைக்கைக்குள் மறைந்திருக்கும், உள்ளே செம்பு நகங்கள். கறி நீட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். விவரம் தெரிந்த வேட்டைக்காரன் ஒரு மரக்கட்டைக்குத் தன் மேலங்கியைப் போர்த்தி, தூங்குவதுபோலப் படுக்கவைத்துவிட்டு, தள்ளி இருட்டில் துப்பாக்கியோடு காத்திருப்பான். அவள் கட்டையின் மீது பாய்ந்ததும் சுடுவான். மறைந்த கை, பேச்சின்மை, கட்டை: இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு ஏதோ பேய்.

தாத்தார்களின் ஷூராலே காட்டுக்காரன். நெற்றியில் கொம்பு, நீண்ட விரல்கள், கிச்சுக்கிச்சு மூட்டியே கொல்வான். 1907இல் தாத்தார் கவிஞர் கப்துல்லா துக்காய் எழுதிய கவிதைக்குப் பிறகு எல்லோர் மனதிலும் அந்த ஷூராலேதான். ஆகவே நாட்டார் பதிவுக்கு ஓர் அட்டை, கவிதைக்கு ஓர் அட்டை. சுவாஷ் மக்களின் அர்சூரி இவனுக்குப் பக்கத்து வீடு.

தெபெகோஸ் பேயே அல்ல, அரக்கன். ஓகுஸ் துருக்கியரின் தெதே கோர்குத் கதைகளில் ஓர் இடையனுக்கும் பெரி என்ற தேவதைக்கும் பிறந்தவன், உச்சந்தலையில் ஒரே கண். நாள் ஒன்றுக்கு இரண்டு ஆளும் ஐந்நூறு ஆடும் என்று அவனிடம் பேரம் படிகிறது. கடைசியில் பஸாத் என்பவன் காய்ச்சிய இரும்புக் கம்பியால் அந்தக் கண்ணைக் குத்துகிறான். கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண்ணனோடு ஒப்புமை உண்டு என்று ஆறாம் வரியில் எழுதலாம். யார் யாரிடம் வாங்கினார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

வெளியிலிருந்து வந்த பெயர்களும் இருக்கின்றன: பெரி, தேவ் (அரக்கன்), அஜ்தஹா (பெரும் நாகம்), சம்ருக் (மாயப் பறவை) எல்லாம் ஈரானிய வழி. ஜின், ஷைத்தான் அரபு வழி. இரவல் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். நூறு ஆண்டு வாழ்ந்த பாம்பு அஜ்தஹா ஆகும், ஆயிரம் ஆண்டு வாழ்ந்தது யூஹா என்ற பெண்ணுருவம் எடுக்கும் என்பது தாத்தார்களின் சொந்தச் சரக்கு.

ஓநாயைத் தனியாகப் பாருங்கள்

அதிகம் குழப்பப்படும் உயிர் இது. 636இல் முடிந்த சீன வரலாற்று நூல் சோ ஷூவில், கால் வெட்டப்பட்டுச் சதுப்பில் கிடந்த சிறுவனை ஒரு பெண் ஓநாய் ஊட்டிக் காக்கிறது. பிறகு மலைக் குகையில் பத்துப் பிள்ளைகள் பெறுகிறது. அந்த ஓநாய்க்குப் பெயர் கிடையாது. அஷினா என்பது அதன் சந்ததியில் வந்த குலத்தின் பெயர். ஓநாயையே அசேனா என்று கூப்பிடுவது 20ஆம் நூற்றாண்டுத் துருக்கியின் வழக்கம். பாரிஸில் உள்ள உய்குர் எழுத்து ஓகுஸ் காதையில் வருவது ஆண் ஓநாய், ஒளிக்கற்றையில் தோன்றிப் படைக்கு வழிகாட்டுகிறது. மலைகளுக்குள் அடைபட்ட மக்கள் இரும்பு மலையை உருக்கி வெளியேறும் எர்கெனெகோன் கதையை 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் அதை மங்கோலியரின் கதையாகவே சொல்கிறார். இரும்பு மலையை உருக்க எழுபது துருத்தி வைத்தார்கள் என்கிறார், ஓநாய் அங்கே வரவே இல்லை. அது பின்னால் சேர்ந்தது. ஆக நான்கு அட்டைகள்: தாய், வழிகாட்டி, ஓநாயே இல்லாத மலை, நவீன அசேனா. ஒன்றாக்கினால் அழகான சுவரொட்டி கிடைக்கும், அவ்வளவுதான்.

பெயரைத் தமிழில் எழுதுவது

ஒவ்வோர் அட்டையிலும் தமிழ் வடிவத்தோடு லத்தீன் எழுத்து வடிவத்தையும் சிரிலிக் வடிவத்தையும் குறித்துவையுங்கள். சகா, அல்தாய், துவா, ககாஸ் பற்றிய பதிவுகளில் பெரும்பகுதி ரஷ்ய மொழியில் இருப்பதால், சிரிலிக் இல்லாமல் தேடினால் பாதி கிடைக்காது. துருக்கியின் புள்ளியில்லாத "ı" எழுத்து ஏறக்குறைய "அது" என்பதன் கடைசி ஒலி. அதை இகரமாக எழுதுவது என்று ஒரு முடிவெடுத்துக்கொண்டு எல்லா அட்டையிலும் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து ஒரே பேய்க்கு இரண்டு அட்டை இருக்கும்.

எத்தனை அட்டையில் தொடங்குவது? பன்னிரண்டு போதும்: தெங்ரி, மூன்று உமாய், யெர்-சுப், அல்தாய் எர்லிக், சகா நெருப்பு இச்சி, பாயனாய், அல்பஸ்தி, ஜெஸ்திர்னாக், ஷூராலே, தெபெகோஸ். சொந்தமாகக் கற்பனை செய்து சேர்க்கும் எதையும் வேறு நிற மையில் எழுதுங்கள். ஏழாம் வரியில் "ஆம்" என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சகாவில் ஜூன் மாதம் இசியாக் திருவிழாவில் இன்றும் குமிஸ் (புளித்த குதிரைப் பால்) ஊற்றி ஐயிகளை வேண்டுகிறார்கள். அல்தாயில், துவாவில் கணவாய் நாடாக்கள் இந்த வருடமும் கட்டப்பட்டவை. அந்தப் பெயர்களை விளையாட்டில் வெட்டிச் சாய்க்கும் எதிரியாக வைக்காமல், அதற்குப் பெயரில்லாத அபாசி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓலோன்ஹோவில் அவை அடிபடுவதற்கென்றே வருகின்றன.